குழவிக் கல்லோடு ஸ்டாண்டு வாங்கப் போன நாள்: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு

கேமராவுக்கு எந்த ஸ்டாண்டு வாங்கலாம் அக்கா, விலையும் கட்டுப்படியாகணும், ஆடவும் கூடாது என்று கேட்டு எனக்கு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நீங்கள் ட்ரைபாட் என்கிறீர்கள். எங்கள் காலத்து ஸ்டுடியோக்காரர்களுக்கு அது வெறும் ஸ்டாண்டு. எந்தக் கம்பெனி என்று நான் சொல்வதற்கில்லை, கம்பெனிகள் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் என் ஸ்டாண்டை எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். அதற்காக ஊருக்குள்ளேயே ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். வெளியூர்ப் பயணமாக இல்லாவிட்டாலும் நான் தனியாகக் கிளம்பிப் போன முதல் பயணம் அதுதான். அதனால் இந்தப் பக்கத்தில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை என்று போர்டு மாறிக்கொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரர் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கச்சேரி எல்லாம் எடுப்பார். நான் கூடவே போய் ஃபிலிம் மாட்டுவேன், லைட்டைப் பிடிப்பேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். ஊரையே படம் எடுத்தவருக்கு ஒரு படம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டக் குனிந்திருக்கிறார், முகம் தெரியவில்லை. கடைசியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கொடுத்த படத்தில் ஓரமாக நின்றிருந்தவரை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினோம். புகை மாதிரி வந்தது. அதைத்தான் ஸ்டுடியோச் சுவரில் மாட்டினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியில் இதற்கே திரும்பி வரப் போகிறேன்.

அப்புறம் ஒரு வருஷம் நான் பாஸ்போர்ட் சைஸ் படம் மட்டும் எடுத்தேன். அவர் போனதிலிருந்து எனக்குக் கை நடுக்கம். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் நடுக்கம் படத்தில் தெரியாது, அதனால் பிழைத்தேன். வெளி ஆர்டர் எதுவும் வரவில்லை. அவருடைய தம்பி சேகர்தான் அறை வாடகைக்குக் கைகொடுத்தான். தலைத் திவசம் முடிந்ததும் அவன் ஒரு பேச்சை எடுத்தான். கேமரா வாங்க ஒரு ஆள் இருக்கிறார், நல்ல விலை தருகிறார், கொடுத்துவிட்டு ஒரு தையல் மெஷின் போட்டுக்கொள்ளலாம் என்றான். நவராத்திரி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருவதாகப் பேச்சு.

நவராத்திரி எட்டாம் நாள், மாட வீதிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து அலமேலு மாமி ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர் பேத்திக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பழக்கம்.

"எங்காத்துக் கொலுவ ஒரு போட்டோ எடுத்துத் தரணும். போன வருஷம் ஒருத்தன் வந்து பளிச் பளிச்னு வெளிச்சம் அடிச்சான். பொம்மை மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு பூசினாப்ல ஆயிடுத்து. எனக்கு விளக்கு வெளிச்சத்துல எப்படித் தெரியறதோ அப்படியே வேணும். பொண்ணு அமெரிக்கால இருக்கா, ஆறு வருஷமா கொலு பாக்கல. உன்னால முடியுமோ?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. விஜயதசமி அன்று சாயங்காலம், பொம்மையைப் படுக்க வைப்பதற்கு முன்னால் வரச் சொன்னார்.

சேகர் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அண்ணி, லைட் இல்லாம எடுக்கறதுக்கு அண்ணனே யோசிப்பாரு. உங்களுக்குக் கை வேற நடுங்குது."

"படம் வரட்டும்பா. நல்லா வரலைன்னா ஞாயித்துக்கிழமை உன் ஆளு எடுத்துக்கிட்டுப் போகட்டும். நல்லா வந்துச்சுன்னா கேமராப் பேச்ச எடுக்கக் கூடாது."

"சரி, பேச்சு பேச்சுதான்," என்றான்.

விளக்கு வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமானால் கேமராவின் கண் சில வினாடி திறந்தே இருக்க வேண்டும். அத்தனை நேரமும் கேமரா ஒரு மயிர் அளவு அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அதற்கு நல்ல ஸ்டாண்டு வேண்டும். அவருடையது அவர் எடுத்த கடைசிக் கல்யாணத்தில் ஒரு பந்திக் கூட்டம் இடித்துக் கால் முறிந்தது. புதிது வாங்க எனக்கு இருந்தது ஒரே நாள். அந்த ஒரு நாள் ஆயுத பூஜை.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு வருஷமாக வீட்டில் பண்டிகை இல்லை. தலைத் திவசத்துக்கு அப்புறம் வரும் முதல் பூஜை என்ற ஆசையில் விடியற்காலையிலேயே கேமராவைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டிவிட்டேன். வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாது. ஆற அமரப் பொரி தின்னும்போதுதான் புத்தியில் பட்டது. கேமரா இல்லாமல் போய் ஸ்டாண்டு தாங்குமா தாங்காதா என்று எப்படிப் பார்ப்பது?

சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்தேன். மசாலா இடிக்கிற சின்ன உரலின் குழவி கண்ணில் பட்டது. தூக்கிப் பார்த்தேன். லென்ஸோடு சேர்ந்த கேமராவைப் பத்து வருஷம் தூக்கிய கைக்கு எடை தெரியாதா? கேமராவை விடக் கொஞ்சம் கூடுதல்தான். அதுவும் நல்லதுதான் என்று கட்டுவதற்குச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பட்டினப்பாக்கத்தில் பன்னிரண்டு பி பஸ் ஏறியபோது காலை பத்து மணி. டிரைவர் கண்ணாடிக்கு மாலை, முன்னால் இரண்டு வாழைக்கன்று. லஸ், ஆழ்வார்பேட்டை வழியாகத் தி.நகருக்கு ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய், வண்டி நகர்ந்து நகர்ந்து போய்ச் சேர முக்கால் மணி ஆனது. டிக்கெட் இரண்டு ரூபாய். ஆயுத பூஜை அன்று இந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பு வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இன்றைக்கும் பொருந்தும்.

பாண்டி பஜாரிலிருந்து திரும்பும் ஒரு சின்னத் தெருவில் கேமரா சாமான் கடை. திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நடத்தினார். எங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் ஃபிலிம் வாங்குவார், நான் வாசலோடு நின்றுவிடுவேன். அன்றைக்கு உள்ளே போனேன். அண்ணாச்சி பொரியும் கடலையும் பொட்டலமாகக் கொடுத்தார். ஸ்டாண்டு பார்க்க வேண்டும் என்றேன். கையைக் காட்டினார். கடையில் இருந்த ஸ்டாண்டு எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மூன்று காலிலும் சந்தனப் பொட்டு.

"பூசையில வச்சாச்சுல்லா தாயி. இப்ப எடுக்கப்பிடாது. நாளைக்குக் காலைல வாங்க, எடுத்துத் தாரேன்."

"நாளைக்கே வாங்கிக்கிறேன் அண்ணாச்சி. ஆனா தாங்குமான்னு இன்னிக்கே பாக்கணும். நாளைக்கு வந்து பாத்துட்டு எதுவும் சரியில்லைன்னா நான் வேற எங்க போவேன்?"

"பாக்கணும்னா எடுக்கணும்லா?"

"எடுக்க வேணாம். நிக்கிற இடத்துலயே வச்சுப் பாக்கறேன். நகத்த மாட்டேன்."

அண்ணாச்சி யோசித்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவரும் யோசித்தார். நகர்த்தாமல் தொடுவது தப்பா இல்லையா என்று அவர்களுக்குள் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கடைசியில், "கும்பிட்டுட்டுத் தொடுங்க, குத்தமில்ல," என்றார் அண்ணாச்சி. நான் கும்பிட்டுவிட்டுப் பையிலிருந்து குழவிக் கல்லை எடுத்தேன்.

"என்னது இது! சாமிக்கு முன்னால அரைக்கப் போறியளா?"

"கேமரா வீட்டுல பூஜையில இருக்கு அண்ணாச்சி. அதுக்குப் பதிலு இது."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

முதலில் பளபளவென்று வெள்ளியாட்டம் இருந்த ஒன்று. பார்த்தாலே எடை இல்லை என்று தெரிந்தது, திருப்ப, பூட்ட என்று கைப்பிடி மட்டும் நிறைய வைத்திருந்தார்கள். விலை ஐந்நூற்றுக்குள். பார்த்ததும் எடுக்கத் தோன்றும். கேமரா உட்காரும் தலையில் குழவியை வைத்து டியூபால் கட்டி, மேலிருந்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினேன். மூன்று காலும் மூன்று பக்கம் வழுக்கிக்கொண்டு போய், ஸ்டாண்டு அப்படியே சரஸ்வதிக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழுந்தது. நல்ல வேளை, கல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

"பாத்தியளா, எவ்வளவு பத்தி!" என்றார் அண்ணாச்சி. தன் சரக்கு விழுந்ததற்கு அவர் கோபப்படவே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

இரண்டாவது நன்றாக நின்றது, ஆனால் ஆள் உயரத்துக்கு மேல். விலையும் இரண்டாயிரத்துக்கு மேல். மூன்றாவது ஓரமாக நின்றது. ஏதோ ஸ்டுடியோக்காரர் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிப் போனாராம். கறுப்புப் பெயின்ட் ஆங்காங்கே போயிருந்தது. காலை நீட்டிப் பூட்டும் இடமெல்லாம் இரும்புத் திருகு, பிளாஸ்டிக் இல்லை. கல்லைக் கட்டி அழுத்தினேன். அசையவில்லை. தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகினேன், காலில் முறுக்கு இல்லை. ஒரு தட்டு தட்டிவிட்டு உடனே காலில் விரலை வைத்தேன். அதிர்வு வந்தது தெரிந்தது, போனதும் தெரிந்தது. மட்டமான ஸ்டாண்டில் அந்த அதிர்வு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கறுப்பு ஸ்டாண்டு எழுநூறு ரூபாய். அதுதான் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அதன் தலை சரிவரவில்லை. சாதாரண ஸ்டாண்டுத் தலையில் திருப்புவதற்கு நீளமாக ஒரு கைப்பிடி இருக்கும், அது பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். மாமி வீட்டுக் கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். படிக்கட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் இடம் கம்மி, சுவரோடு ஒட்டி நின்றால்தான் முழுக் கொலுவும் கேமராவுக்குள் அடங்கும். கைப்பிடி சுவரில் இடிக்கும். அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அப்ப ஒங்களுக்கு உருண்டைத் தலைல்லா வேணும். ஒரு குண்டு இருக்கும், எந்தப் பக்கமும் சாயும், ஒரே திருகுல பூட்டிக்கிடும். பால் ஹெட்டும்பாக. நம்மகிட்ட இல்ல. அடையாறு காந்தி நகர்ல சாமுவேல் சார்னு ஒருத்தர், ஆத்தோரமாப் பறவை படம் எடுப்பாரு. முட்டி தேஞ்சு போயி இப்பப் போறதில்ல. அவர் கிட்ட ஒண்ணு இருக்கு, விக்கணும்னாரு." வீட்டு அடையாளம் சொன்னார்.

நான் படி இறங்கும்போது கணக்கப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, நாளைக்கு விஜயதசமி. மொதப் போணி..." என்று இழுத்தார். என் வெறும் நெற்றியைப் பார்த்துத்தான் இழுத்தார். எனக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டார்.

"ஆமா, போணிக்கு என்னவே?" அண்ணாச்சி குரலைத் தாழ்த்தவே இல்லை. "அந்தம்மா தொழிலு தொடங்கச் சாமான் வாங்குது. விசயதசமிக்கு அதவிட நல்ல போணி நீரு கொண்டாருவீரோ? தாயி, நாளைக்கு ஏழு மணிக்கு வந்திருங்க. மொதப் போணி ஒங்களுதுதான்."

திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன்.

பஸ்ஸுக்கு நின்று பார்த்தேன், வரவில்லை. ஆட்டோ கேட்டேன். ஐம்பது என்று ஆரம்பித்து முப்பத்தைந்துக்கு வந்தார். டிரைவர் பெயர் குமார். வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, ஓட்டும்போது இலை என் முகத்தில் அடித்தது. பையை வாங்கி உள்ளே வைக்கும்போதே அவருக்குச் சந்தேகம்.

"இன்னாக்கா, பையில இன்னா கீது? இந்தக் கனம் கனக்குது?"

"குழவிக் கல்லு."

"குழவிக் கல்லா! பாண்டி பஜாருல இன்னாத்த அரைச்சிட்டு வர்ற?"

விஷயத்தைச் சொன்னேன். நந்தனம், கோட்டூர்புரம் பாலம் வழியாக ஆறேழு கிலோமீட்டர். பாலம் வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினார். அப்புறம் திடீரென்று, "வூட்டுக்காரு இல்லியாக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை, பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். சாமுவேல் சார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நா நிக்கிறேன்கா. அந்தத் தலைய நானும் பாக்கணும். வெயிட்டிங் கேக்க மாட்டேன்," என்றார்.

இங்கே ஒரு நல்ல சங்கதி. சாமுவேல் சார் கிறிஸ்தவர். வீட்டில் பூஜை கிடையாது, அதனால் சாமானை எடுக்கலாம், திருப்பலாம், வாங்கியும் போகலாம். சார் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர். அவர் மனைவி கிரேஸம்மா காப்பி கொடுத்தார்.

சார் உருண்டைத் தலையை ஒரு துணியிலிருந்து பிரித்து எடுத்தார். எலுமிச்சை அளவுக்கு இரும்புக் குண்டு, மினுமினுவென்று இருந்தது. அதைத் தன் ஸ்டாண்டில் மாட்டினார். நான் குழவியைக் கட்டி, கேமரா கீழ்நோக்கிப் பார்க்கிற மாதிரிச் சாய்த்து, பூட்டினேன். காப்பி குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி தம்ளர் காலியாவதற்குள் கல் மெல்ல மெல்லத் தலை குனிந்தது. இன்னும் இறுக்கிப் பூட்டினேன். மறுபடியும் குனிந்தது.

வேறு தலைக்கு எங்கே போவது?

சார் குண்டைத் தொட்டுப் பார்த்து விரலை மூக்கருகில் கொண்டுபோனார். "கிரேஸ், இதுல யார் எண்ணெய் போட்டது?"

"நான்தான். தூசி தட்டும்போதெல்லாம் தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுவேன். துருப் பிடிக்காம அப்படியே புதுசு மாதிரி இருக்கு பாருங்க."

"எத்தன வருஷமா?"

"உங்களுக்கு முட்டி வலி வந்ததுலருந்து."

"இது புடிச்சுக்கற சாமான்மா! எண்ணெய் விட்டா எப்படிப் புடிக்கும்?"

"அத எங்கிட்ட நீங்க சொல்லலியே. இந்த வீட்ல எனக்கு எங்க சொல்றீங்க? கொக்கு கிட்டத்தான் எல்லாம் சொல்லுவீங்க."

வாசலில் நின்றிருந்த குமார் உள்ளே தலையை நீட்டினார். "சார், அத்த கயட்டுங்க. பெட்ரோல்ல துடச்சா எண்ணெ ஓடிப்பூடும். கார்புரேட்டரே அப்டிதான் துடைக்கிறோம்." ஆட்டோவிலிருந்து ஒரு மூடி பெட்ரோல் பிடித்து வந்தார். சார் திருகைக் கழற்றினார், குமார் துடைத்தார். பழைய வேட்டித் துணி கறுப்பாக ஆகிற வரைக்கும் துடைத்தார்கள். அப்புறம் காயவைத்து மாட்டி, மறுபடியும் கல்லைக் கட்டிச் சாய்த்துப் பூட்டினோம். நாலு பேரும் ஒரு குழவிக் கல்லை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிரேஸம்மா இரண்டாவது காப்பி போட்டு, அதையும் குடித்து முடித்தோம். கல் கட்டிய இடத்திலேயே இருந்தது.

குமார் விசில் அடித்தார். கிரேஸம்மா கை தட்டினார்.

சார் எண்ணூறு என்று நினைத்திருந்தாராம். "எண்ணெய் போட்டதுக்கு இருநூறு கழிச்சுக்குங்க," என்று கிரேஸம்மாவே சொல்லிவிட்டார். அடையாறிலிருந்து பட்டினப்பாக்கம் வரை குமார்தான் கொண்டுவந்து விட்டார். திரு.வி.க. பாலத்தில் காற்று அடித்தது. உருண்டைத் தலையை மடியில் வைத்திருந்தேன். அன்றைக்கு என் கை நடுங்கவில்லை என்று வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணாச்சி சூடம் காட்டி, கறுப்பு ஸ்டாண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். சந்தனப் பொட்டைத் துடைக்கவில்லை. பழைய தலையைக் கழற்றிப் பார்த்தால் ஸ்டாண்டின் திருகு சிறியது, உருண்டைத் தலையின் ஓட்டை பெரியது, சேரவில்லை. அண்ணாச்சி ஒரு சின்னப் பித்தளை வளையத்தை உள்ளே வைத்துச் சேர்த்தார். வளையத்துக்கு நான் ஐந்து ரூபாய் நீட்டியதற்கு, போணிக்காரரிடம் வாங்க மாட்டேன் என்றார்.

வீட்டில் மறுபூஜை முடித்துக் கேமராவை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மாமி வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். உள்ளே தாம்பூலம் வாங்க வந்த பெண்கள். எல்லோர் நெற்றியிலும் குங்குமம். அவர்கள் போகட்டும் என்று வெளியிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் மாமி வந்து பார்த்தார்.

"ஏண்டிம்மா வாசல்லயே நின்னுண்டிருக்கே? உன் ஸ்டாண்டு மட்டும் உள்ள வந்து எடுத்துடுமா?"

"எல்லாரும் போகட்டும் மாமி."

"அவாள்லாம் பொம்மையப் பாக்க வந்திருக்கா. நீ வேலை பாக்க வந்திருக்கே. வழி விடுங்கோடி, போட்டோக்காரம்மா வந்தாச்சு!"

வழி விட்டார்கள். சுவரோடு ஒட்டி ஸ்டாண்டை வைத்தேன். காலைக் குறைத்து, உருண்டைத் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பூட்டினேன். பின்னால் சுவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு விரல் இடம்தான். மின் விளக்கை அணைக்கச் சொன்னேன், சுடர் ஆடாமல் இருக்க ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன். ஏழு படியும் குத்துவிளக்கு வெளிச்சத்தில் எழுந்து வந்தன. அவர் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தோன்றியது. கை பழையபடி நடுங்க ஆரம்பித்தது. கேமராவைத் தொடாமல் எடுப்பதற்கு மாட்டிய கேபிளின் நுனியை அழுத்தினேன், கண் திறந்தது. மனசுக்குள் எட்டு வரை எண்ணிய பின் கேபிளை விட்டேன். என் கை நடுங்கியது. ஸ்டாண்டு நடுங்கவில்லை.

இரண்டாவது படத்துக்கு எண்ணும்போது, ஆரத்தித் தட்டோடு வந்த மாமி இருட்டில் கால் இடறி ஸ்டாண்டையே பிடித்துக்கொண்டார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் "ஐயையோ" என்றார்கள். மாமி விழவில்லை. ஸ்டாண்டும் விழவில்லை. "ஏண்டி, என் மாட்டுப்பொண் கூட என்னை இப்படித் தாங்கிப் பிடிச்சுண்டதில்லடி," என்றார் மாமி. சிரிப்பு அடங்கியபின் இன்னும் நாலு படம் எடுத்தேன். போகும்போது மாமி தாம்பூலத் தட்டில் பழமும் ரவிக்கைத் துணியும் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் படங்கள் எடுத்திருந்த அந்த ஃபிலிமில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. ராத்திரி ஸ்டுடியோவுக்கு வந்து ஸ்டாண்டை நட்டு, கேமராவில் தானாக எடுக்கிற பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பின்னால் சுவரில் அவருடைய புகை மாதிரிப் படம். கிளிக்.

லேபிலிருந்து வந்த கொலுப் படத்தை மாமி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் மூன்றாவது படியில் வீணை வைத்திருக்கும் பொம்மையின் மணிக்கட்டில் விரலை வைத்தார். "இது உடைஞ்சு போய் என் பொண்ணு சின்னவளா இருக்கச்சே ஒட்டினது. ஒட்டின கோடு தெரியறது பாரு. அவ கை வச்ச எடம்." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே படத்தில் இன்னும் மூன்று கேட்டார். அடுத்த நவராத்திரிக்கு அந்தத் தெருவிலேயே ஐந்து வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சேகர் அந்த ஆளோடு வந்தான். மேஜையில் கொலுப் படத்தை வைத்திருந்தேன். சேகர் எடுத்துப் பார்த்தான். கிட்டே வைத்துப் பார்த்தான், தூர வைத்துப் பார்த்தான். அப்புறம் அந்த ஆளைப் பார்த்து, "சார், மன்னிச்சுக்குங்க. இது எங்க அண்ணி தொழில் பண்ற கேமரா, விக்கறதுக்கில்ல," என்றான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கடைக்குக் கேமராவோடு போங்கள், அல்லது அதை விடச் சற்றுக் கனமான எதையாவது கொண்டுபோங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். மேலிருந்து அழுத்துங்கள், திருகிப் பாருங்கள், தட்டிவிட்டு விரல் வையுங்கள். காலை நீட்டும்போது வெளியே வரும் அடுக்கு குறைவாக இருப்பது நல்லது. உருண்டைத் தலையைச் சாய்த்துப் பூட்டி, ஒரு காப்பி குடித்து முடிக்கும்வரை பாருங்கள், குனிந்தால் வேண்டாம். பழசு என்றால் குண்டில் எண்ணெய் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நீங்கள் மட்டும் அதற்கு எண்ணெய் விடவே விடாதீர்கள். திருகு அளவு சேருமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். காசு பற்றாவிட்டால் பளபளப்பை விட்டுவிட்டுக் கனத்தை வாங்குங்கள். அந்தக் கறுப்பு ஸ்டாண்டும் உருண்டைத் தலையும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மூன்று காலுக்கும் பொட்டு வைக்கிறேன், பக்கத்தில் குழவிக்கும் ஒன்று. ஆனால் சாமான் வாங்கும் வேலை ஏதாவது இருந்தால் முதலில் முடித்துவிட்டுத்தான் பூஜை.

இன்னும் ஒன்று. வாங்கியதும் முதல் படம் பூவை எடுக்காதீர்கள், கடலை எடுக்காதீர்கள். ஸ்டாண்டை நட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிப் போய் உங்கள் வீட்டாரோடு நில்லுங்கள். படம் எடுப்பவர் படத்தில் இருப்பதே இல்லை. என் வீட்டுச் சுவரில் நான் இருக்கிறேன், கண் இமை தெரிகிற அளவுக்குத் தெளிவாக. எனக்குப் பின்னால், கொஞ்சம் புகையாக, அவரும் இருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் படங்களில் அவர் முகம் தெரிவது அது ஒன்றில்தான்.